குப்பியில் ஒட்டிய பேர்

"பத்து மூட்டைக்கு எத்தனை குத்துவோம்டா பிச்சு?"

"ஒண்ணு."

"அம்மா பெத்தது எத்தனை?"

"நம்ம ரெண்டு பேர்."

"அப்போ ஒண்ணைக் குத்தினா மதி, போறும். சரிதானே?"

"அண்ணா, அது மிளகு."

"ரத்தமும் ஒரே கொடியிலேர்ந்து பறிச்சதுதானேடா! ஒரே லாட்டு!"

1982 ஜூலை மாதம், கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் மூட்டைகளுக்கு நடுவே அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது இது. அடுத்த பதினான்கு மாதங்களில் பிச்சுமணி இதை நினைத்துப் பார்க்காத நாள் கிடையாது. 'அது மிளகு' என்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் வந்த வம்பு எதுவும் வந்திருக்காது. ஆனால் கமலாக்ஷியும் வந்திருக்க மாட்டாள்.

அண்ணா வைத்தீஸ்வரனுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கிடங்கில் தரம் பார்ப்பவர்களுக்கெல்லாம் தலைவர். கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். நுனி கூராக, உள்ளே குழிவாக இருக்கும் அந்த இரும்பைச் சாக்கில் செருகி இழுத்தால் ஒரு பிடி மிளகு உள்ளங்கையில் வந்து விழும். அதில் ஒன்றைக் கடித்துவிட்டு, "ஈரம் பதினொண்ணு" என்று அவர் சொன்னால் மிஷினும் பதினொன்று என்றே சொல்லும். முப்பது வருஷமாக ஊரிலுள்ள சாக்கையெல்லாம் குத்தியவர். அவருக்கு ஊசி என்றால் மரண பயம்.

பாலக்காட்டு நூரணியில், பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த ஆள் வந்த அன்று ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவரை, சாயங்காலம் கோயில் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கண்டுபிடித்தார்களாம். அம்மா சொல்லிப் பிச்சுமணிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மன்னி லோகாம்பாளுக்கே தெரியாது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்ததெல்லாம் கஷாயத்திலேயே போயிற்று.

அந்த வருஷம் கிடங்கின் பழைய மானேஜர் ஒரு நாள் மூட்டை மேலேயே தலை சுற்றி விழுந்து, எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை ரத்தம் பார்த்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கிடங்கு முதலாளி சேட்டு ஆடிப்போய்விட்டார். நாற்பத்தைந்து தாண்டிய எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு வைத்தீஸ்வரன் கண்டுபிடித்த வழிதான் 'ஒரே லாட்டு', ஒரே சரக்கு: தன் பேரில் தம்பி போய் ரத்தம் கொடுப்பது.

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. கிடங்கில் அண்ணாவுக்கு அடுத்த படி. ஏழில் செவ்வாய் என்று ஜாதகம் போன இடமெல்லாம் திரும்பி வந்ததால் கல்யாணம் ஆகவில்லை. அண்ணா சொல்லைத் தட்டிப் பழக்கமும் இல்லை. மறுநாள் காலை, 'வைத்தீஸ்வரன், 47, விவாகிதன், ஏ க்ரூப்' என்று எழுதிய ஆபீஸ் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்; க்ரூப் மட்டும், அம்மாவுடையதையே தன்னுடையதென்று அண்ணா எழுதிக் கொடுத்தது.

பாலஸ் ரோட்டில் ஒரு குடைக்கடையின் மேலே இருந்தது அந்த லேப். மாடிப்படி ஏறியதும் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, கொதிக்கிற தண்ணீரில் கண்ணாடி சிரிஞ்சுகள். மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். கோட்டில் கமலாக்ஷி என்று பேர். சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

மலையாளத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது. ரப்பர் குழாயைக் கையில் இறுக்கியதும் அவன் தன்னை மறந்து, "ஈஸ்வரா, மெதுவா" என்றான்.

"அடடே, நம்மவாளா? எந்த கிராமம்?"

"நூரணி. இப்போ இங்கேதான்."

"நான் திருப்பூணித்துறை. தெனமும் பஸ்ஸு, அப்புறம் காயலைத் தாண்ட போட்டு. நாப்பத்தேழா? உடம்பை நன்னா வெச்சிண்டிருக்கேள், மாமா."

அந்த 'மாமா' ஊசிக்கு முன்னாலேயே குத்திவிட்டது. அவளுக்கு ஒரு முப்பது இருக்கும். இவனைவிட ஐந்து வயதுதான் குறைவு.

"வெறும் வயத்தோடதானே வந்தேள்?"

"ஆமா."

"ஒண்ணும் சாப்பிடலையே?"

"ரெண்டு நேந்திரம்பழம், புழுங்கினது. அரிசி தொடலை. ஏகாதசிக்கெல்லாம் அப்படித்தானே?"

அவள் ரப்பர் குழாயை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாத, முழுச் சிரிப்பு. "பெருமாள் ஒத்துப்பார் மாமா. என் மிஷின் ஒத்துக்காது. பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. நாளைக்கு வாங்கோ."

மறுநாள் அவன் பச்சைத் தண்ணீரோடு போனான். லேப்பில் உதவிக்கு இருக்கும் அம்மிணி, "வைத்தீஸ்வரன்! வைத்தீஸ்வரன்!" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பிச்சுமணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவை அம்மிணி அவன் முன்னால் வந்து நின்று, "சாரே, சாரின்டெ பேரல்லே விளிக்கணது?" என்றாள்.

"காதையும் டெஸ்ட் பண்ணிடலாமா மாமா?" என்றாள் உள்ளேயிருந்து கமலாக்ஷி.

ரத்தம் சிரிஞ்சிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குப் போனது. குப்பியில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, 'வைத்தீஸ்வரன்' என்று அழகாக எழுதினாள். தன் ரத்தத்தின் மேல் அண்ணா பேரைப் பார்த்தபோது பிச்சுமணிக்கு என்னவோ போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குப்பி. அதற்கும் அதே பேர்.

ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை தொண்ணூற்றொன்று. ஒரு குழப்பமும் இல்லை. வைத்தீஸ்வரன் ரிப்போர்ட்டை ஆபீசில் கொடுத்துவிட்டு, "பாத்தியா, என் ரத்தம் எத்தனை சுத்தம்!" என்று தம்பியிடமே பெருமைப்பட்டார்.

அக்டோபரில் தொண்ணூற்றாறு. ஜனவரியில் நூற்றுநான்கு. நம்பரைப் பற்றிப் பிச்சுமணி கவலைப்படவில்லை. மூன்று மாதம் எப்போது முடியும் என்பதுதான் அவன் கவலை. சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் கழித்துத்தானே இரண்டாவது குப்பி? அந்த நேரத்தில் கிடங்குக்குப் போய்த் திரும்பலாம். அவன் போவதில்லை. பெஞ்சிலேயே டப்பாவைத் திறந்து மன்னி கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். கூட்டமில்லாத நேரத்தில் கமலாக்ஷி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவாள். மன்னியைப் பற்றி விசாரிப்பாள். "மாமி என்ன பண்ணிண்டிருக்கா?" "மாங்காய் உப்பில் போடறா." "நன்னா சமைப்பாளா?" "ஊரே சொல்லும்." ஒரு பதிலும் பொய்யில்லை. மன்னியைப் பற்றித்தானே சொல்கிறான்? ஆனால் ஒவ்வொரு பதிலும் அவனை இன்னும் கொஞ்சம் கல்யாணமானவனாக ஆக்கிக்கொண்டிருந்தது.

ஜனவரியில்தான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு நீங்கோ கேக்கலையே மாமா. எல்லா மாமாவும் ரெண்டாவது நாளே கேட்டுடுவா."

"ஏன் ஆகலை?"

"பொண்ணு பாக்க வரவா ஜாதகம் கேப்பா. பாடச் சொல்லுவா. நான் பையனோட ரத்தம் கேப்பேன். ஒரு சிரிஞ்சு, அஞ்சு நிமிஷம். அதோட பஜ்ஜியை வெச்சுட்டு எழுந்துடுவா. நாலு பேர் போயாச்சு."

பிச்சுமணிக்குச் சிரிப்பு வந்தது. "நம்பர் மோசமா இருந்தா வேண்டாம்பேளா?"

"நம்பருக்கென்ன மாமா? இறக்கலாம், ஏத்தலாம், மருந்து இருக்கு. பாக்கவே மாட்டேங்கறவனோட எப்படிக் குடும்பம் பண்றது?" அவள் குரல் சற்றே தணிந்தது. "அப்பா அப்படித்தான். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிண்டே இருந்தார். கால்லே ஒரு சின்னப் புண்ணு. ஆறலை. பாத்தப்போ சர்க்கரை முன்னூறுக்கு மேலே. எத்தனை வருஷமா இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? முதல்லே காலை எடுத்தா. அடுத்த வருஷம் அப்பாவே போயிட்டார். அப்புறம்தான் நான் இந்தப் படிப்பு படிச்சேன்."

கொதிக்கிற தண்ணீரில் சிரிஞ்சுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"சரி, உங்களுக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா சொல்லுங்கோ மாமா," என்றாள் அவள், பழைய குரலுக்குத் திரும்பி. "ஜாதகம் எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். கையை நீட்டறவனா இருந்தா மதி."

பிச்சுமணி காலையில் ஊசிக்கு நீட்டிய தன் கையைப் பார்த்தான். பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'நான் இருக்கேனே' என்று ஒரு வார்த்தை. ஆனால் அவள் எழுதி வைத்திருக்கும் அட்டையில் அவன் நாற்பத்தேழு வயதுக்காரன், மாங்காய் உப்பில் போடும் மாமியின் புருஷன். உண்மையைச் சொன்னால் அண்ணாவின் மானம் போகும். அதைவிட, இவ்வளவு நாள் பேர் மாற்றி ஏமாற்றியவன் என்று அவள் கதவைக் காட்டிவிட்டால்? பதிலை இட்லியோடு விழுங்கினான்.

ஏப்ரலில் நம்பர் நூற்றுப் பதினேழு. கமலாக்ஷி அட்டையை அவன் பக்கம் திருப்பினாள். நீல மசியில் நாலு நம்பர்கள், ஒன்றின் கீழ் ஒன்று.

"ஒரு தடவை பாத்தா, வாசல்லே ஒரு ஆள் நிக்கறான்னு தெரியும் மாமா. வரானா, போறானான்னு தெரியணும்னா மறுபடியும் எட்டிப் பாக்கணும். இவர் உள்ளே வந்துண்டிருக்கார்."

"மழைக்காலத்து மிளகு மாதிரி," என்றான் பிச்சுமணி. "ஈரம் பதினொண்ணுலேர்ந்து ஒரே நாள்லே பதினாலுக்குப் போகாது. வாராவாரம் குத்திப் பாக்கறவனுக்குப் பன்னெண்டுலேயே தெரிஞ்சுடும். வெயில்லே போட்டு எடுத்துடலாம். பாக்காதவன் பூஞ்சை பிடிச்சப்புறம் சாக்கோட கடல்லே கொட்டணும்."

"இதை எழுதி இந்தச் சுவத்துலே ஒட்டப் போறேன். இத்தனை தெரிஞ்சவர், இனிமே பாயசத்தைக் குறைச்சுக்கோங்கோ."

அவன் குறைத்துக்கொள்ளவில்லை. மிளகுக்குச் சொன்னது தனக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டப்போகிறேன் என்று அவள் சொன்ன சந்தோஷத்தில் அன்று வழியில் இரண்டு ஜிலேபி வாங்கித் தின்றான்.

ஜூலையில் நம்பர் நூற்று நாற்பத்து மூன்று.

ரிப்போர்ட்டை வாங்கப் போனபோது கமலாக்ஷி சிரிக்கவில்லை. அவன் கையைச் சுட்டிக்காட்டி, "மாமா, பேப்பர்லே யார் பேர் வேணும்னாலும் இருக்கட்டும். இந்தக் கைக்குச் சொந்தக்காரர் இன்னிலேர்ந்து சர்க்கரையைத் தொடக்கூடாது. டாக்டரைப் பாக்கணும். ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் வரணும்," என்றாள். அது என்ன 'யார் பேர் வேணும்னாலும்' என்று அவன் யோசிக்கவில்லை. ஒரு மாதத்திலேயே மறுபடி வரலாம் என்பதே அவன் காதில் நின்றது.

அந்த ரிப்போர்ட் வைத்தீஸ்வரனின் சட்டைப் பையிலிருந்து லோகாம்பாளின் கையில் சிக்கியது. வீட்டில் யுத்தம் ஆரம்பமானது.

"ஏன்னா, நூத்தி நாப்பத்து மூணு! இதை மறைச்சு வெச்சிண்டு நேத்திக்கு ரெண்டாம் தடவை பால்பாயசம் கேட்டேளே!"

அன்றிலிருந்து காலையில் பாவக்காய்ச் சாறு. மத்தியானம் பாவக்காய்ப் பச்சடி. ராத்திரி இரண்டு கோதுமை தோசை, தொட்டுக்கொள்ளப் பாவக்காய். உண்மையைச் சொன்னால் ஊசி பயமும் வெளியே வரும் என்பதால் வைத்தீஸ்வரன் வாயை மூடிக்கொண்டு, பிறகு வாயைத் திறந்து, எல்லாவற்றையும் விழுங்கினார்.

"பரவாயில்லைடா பிச்சு," என்று கிடங்கில் தம்பியிடம் சமாதானம் சொல்லிக்கொண்டார். "ஒரே லாட்டுதானே, எனக்கும் இருக்கத்தான் இருக்கும்."

இதில் மாட்டிக்கொண்டது பிச்சுமணி. அண்ணாவின் பாயசப் பங்கும் இப்போது அவன் இலையில்.

"சாப்பிடுடா. அவருக்குத்தான் கொடுத்து வெக்கலை, நீயாவது சாப்பிடு."

"மன்னி, எனக்கும் வேண்டாம்."

"ஏன், உனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கே!"

கல்லு மாதிரி. கமலாக்ஷியின் அப்பா சொன்னதும் அதே வார்த்தைதான். இலையை மடிக்கலாமா என்று பார்த்தான். மன்னி கரண்டியோடு நின்றாள்.

ஆகஸ்டில் ஓணம் வந்தது. அடைப்பிரதமன் பாயசம், வெல்லம் தோய்ந்த சர்க்கரை உப்பேரி, பழநுறுக்கு. வைத்தீஸ்வரன் தன் இலையின் பாவக்காயையும் தம்பி இலையின் பிரதமனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் வியாதியை நான் சுமக்கறேன்டா," என்றார் காதோடு.

"வியாதி எங்கிட்டேதான் இருக்கு அண்ணா. பத்தியம் மட்டும் உங்கிட்டே இருக்கு."

"அங்கே என்ன குசுகுசு?" என்று கேட்டுக்கொண்டே லோகாம்பாள் மூன்றாம் கரண்டி பிரதமனைத் தம்பி இலையில் ஊற்றினாள்.

ஓணம் கழிந்த வாரம் கமலாக்ஷி மறுபடி ரத்தம் எடுத்தாள். அன்று அவள் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு 'மாமா' போட்டாள். "மாமா, கையை நீட்டுங்கோ மாமா. மாமா, மாமி சௌக்கியமா மாமா?" நூற்று எழுபத்தொன்று. ரிப்போர்ட்டின் அடியில், 'இவர் மனைவியை நேரில் அழைத்து வரவும்' என்று மலையாளத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வீட்டில் அதைப் படித்த லோகாம்பாளுக்கு நம்பரைப் பற்றிய கவலையைவிடப் பாவக்காயைப் பற்றிய ரோஷம்தான் அதிகம்.

"ஒரு மாசம் நான் நறுக்கின பாவக்காய்க்கு ஒரு மரியாதை வேண்டாமா? இறங்கறதுக்குப் பதிலா ஏறறதே! எந்த லேப்பு அது? கூப்பிட்டாளோன்னோ, வரேன். நாளைக்கு நீங்கோ ரெண்டு பேரும் என்னோட வரேள்."

அன்று பிச்சுமணி ஒரு முடிவுக்கு வந்தான். மன்னி போய்ச் சொல்லி அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது. அதற்கப்புறம் அவள் கதவைக் காட்டினால் காட்டட்டும். நூற்று எழுபத்தொன்று இருப்பவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொருவன் பேரில் போய் நிற்க முடியாது. காலில் ஒரு சின்னப் புண் வந்தாலே அவள் சொன்ன கதை ஞாபகம் வருகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, குடைக்கடையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். படகிலிருந்து இறங்கி வந்த கமலாக்ஷி நனைந்த குடையை உதறினாள்.

"உங்ககிட்டே ஒரு விஷயம் சொல்லணும்," என்று எழுந்தான்.

"மாமி வரட்டும் மாமா."

"மாமி வரதுக்கு முன்னாடி சொல்லணும்."

"புருஷனைப் பத்தின விஷயம், மாமி இல்லாம எப்படி மாமா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அவன் மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது மாடிப்படி அதிர்ந்தது. லோகாம்பாள் வைத்தீஸ்வரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறி வந்தாள். கையில் ஒரு பை. அதில் சாட்சிக்கு இரண்டு பாவக்காய்.

"நீதான் கமலாக்ஷியா? இதோ பாரு, ஒரு மாசமா இவருக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் நான் கண்ணுலே காட்டலை. எப்படி ஏறும் சொல்லு?"

"யாருக்கு மாமி?"

"இதோ, இவருக்கு. என் ஆத்துக்காரர்."

கமலாக்ஷி வைத்தீஸ்வரனைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். "இவரா? இவரை நான் பாத்ததே இல்லையே மாமி. இங்கே வர வைத்தீஸ்வரன் மாமா அதோ நிக்கறார்."

லோகாம்பாள் புருஷனைப் பார்த்தாள். வைத்தீஸ்வரன் கூரையில் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். லோகாம்பாள் கொழுந்தனைப் பார்த்தாள்.

"பிச்சு!"

"என் பேர் பிச்சுமணி," என்றான் அவன். மன்னியிடம் அல்ல, கமலாக்ஷியிடம். "நான் தம்பி. வயசு முப்பத்தாறு. இத்தனை நாளும் பொய். என் தப்புதான்."

"உன் தப்பு பாதிதான்டா," என்றார் வைத்தீஸ்வரன், மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஊசின்னா பயம், ஒரே லாட்டுதானேன்னு நான்தான்..."

"லாட்டா?" லோகாம்பாளின் குரல் கீழே குடைக்கடைக்குக் கேட்டிருக்கும். "தெனம் நூறு சாக்கைக் குத்தறவருக்கு ஒரு ஊசிக்கு பயம்! அந்த பயத்துக்கு நான் மார்க்கெட்டுலே இருந்த பாவக்காயெல்லாம் வாங்கினேன்! வியாதிக்காரனுக்கு மூணு கரண்டி பிரதமன் ஊத்தினேன்!" கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பிச்சுமணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கமலாக்ஷி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "மாமா, உட்காருங்கோ. விரல்லே ஒரே ஒரு சொட்டு."

இந்தத் தடவை 'மாமா' சரியான ஆளுக்குப் போனது. வைத்தீஸ்வரன் உட்கார்ந்தார். லோகாம்பாள் அவர் இன்னொரு கையை இறுகப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா!" என்று அலறினார்.

"இன்னும் குத்தலை மாமா."

"சரி, குத்து."

"இப்போ குத்தியாச்சு."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இவ்வளவுதானா? இதுக்கா நான் குளத்துலே இறங்கினேன்?"

"எந்தக் குளம்?" என்றாள் லோகாம்பாள்.

"அப்புறம் சொல்றேன்."

பிச்சுமணியின் விரலிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்தாள். ஒவ்வொரு சொட்டையும் தட்டில் இரண்டு பங்காக வைத்து, ஒரு பங்கில் நீல மருந்து ஒரு துளி விட்டு ஆட்டினாள். அண்ணாவின் ரத்தம் மோர் திரிந்தாற்போலத் துகள் துகளாய்ப் பிரிந்தது. தம்பியுடையது அப்படியே கிடந்தது. மற்றப் பங்கில் விட்ட மஞ்சள் மருந்தில் நேர்மாறாக, தம்பியுடையது திரிந்தது, அண்ணாவுடையது கிடந்தது.

"மாமா ஏ க்ரூப், இவர் பி. ஒரே அம்மா பெத்தாலும் ஒரே லாட் இல்லை." அவள் அட்டையை எடுத்தாள். "ஜூலைலே நம்பர் திடீர்னு ஏறினதும் குப்பி மாறிடுத்தோன்னு பயந்து க்ரூப் பாத்தேன். ஆபீஸ் சீட்டுலே ஏ க்ரூப்னு இருக்கு, குப்பியிலே பி வந்தது. அதுக்குத்தான் மாமியை வரச் சொன்னேன். மாமா, பதினாலு மாசமா உங்க உடம்புக்குள்ளே என்ன நடக்கறதுன்னு யாருக்கும் தெரியாது. சும்மா வேற ஒருத்தரோட நம்பரைச் சட்டைப் பையிலே வெச்சிண்டு தைரியமா இருந்திருக்கேள். இந்தப் பேப்பர் உங்களுக்கும் உதவலை, இவருக்கும் உதவலை."

வைத்தீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, யாரும் சொல்லாமலேயே, சட்டைக் கையை மடித்து முழுக் கையையும் மேஜை மேல் நீட்டினார்.

அவர் குப்பியின் முடிவு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. தொண்ணூறு.

"பாவக்காய்!" என்றாள் லோகாம்பாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஒரு தடவை பாத்தது போறாது மாமி. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் கூட்டிண்டு வாங்கோ." கமலாக்ஷி அலமாரியிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தாள். பிச்சுமணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவருக்கும் இவர் பேர்லே ஒரு தடவை எடுத்துடலாம். டாக்டர்கிட்டே இதைத்தான் கொண்டு போகணும். பேர்?"

"பிச்சுமணி."

"வயசு முப்பத்தாறு. விவாகிதனா?"

"இல்லை."

எழுதினாள். ரப்பர் குழாயைக் கட்டினாள்.

"ஜூலைலேயே தெரிஞ்சுடுத்து இல்லையா?" என்றான் அவன் மெதுவாக. "பின்னேயும் மாமா மாமான்னு கூப்பிட்டேளே?"

"ஜூலை வரைக்கும் மரியாதைக்கு. அதுக்கப்புறம் தண்டனைக்கு." அவள் உதடு ஓரம் துடித்தது. "ஒவ்வொரு மாமாவுக்கும் உங்க மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!"

ஊசி உள்ளே இறங்கியது. சிரிஞ்சில் ரத்தம் ஏறத் தொடங்கியது. ஊசி கையில் இருக்கும் வரை அவள் எழுந்து போக முடியாது, கதவையும் காட்ட முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

"ஜனவரிலே ஒரு பையன் பாக்கச் சொன்னேள்."

"சொன்னேன். எட்டு மாசமாச்சு, ஒருத்தனையும் காட்டலை."

"ஒருத்தன் இருக்கான். ஏழிலே செவ்வாய். நூத்தி எழுபத்தொண்ணு சர்க்கரை. ஒரு வருஷமா பேர் மாத்தி பொய் சொன்னவன். ஆனா கையை நீட்டச் சொன்னா..."

"டேய், சாக்கைச் சுத்திச் சுத்தி வராதே, குத்துடா!" என்றார் வைத்தீஸ்வரன். லோகாம்பாள் அவர் வாயைப் பொத்தினாள்.

கமலாக்ஷி நிமிரவில்லை. சிரிஞ்சைப் பிடித்திருந்த கை மட்டும் அசையாமல் இருந்தது. பிளாஸ்திரித் துண்டு ஒட்டிய காலிக் குப்பி மேஜை மேல் காத்திருந்தது. அதில் முதல் தடவையாக அவன் பேர்.

"கமலாக்ஷி," என்றான் பிச்சுமணி, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ."